மக்காச்சோளத்தில் பூச்சியும் களையும் ஒரே கணக்கு: புதிதாகப் பயிர் வைப்பவர்களுக்கு

மக்காச்சோளம் முதல்முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் பூச்சிக்கு ஒரு திட்டம், களைக்கு இன்னொரு திட்டம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். வயலில் அப்படிப் பிரிக்க முடியாது. விதைப்புக்கு முன் களையை எப்போது அழித்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாற்றைத் தரையோடு அறுக்கும் வெட்டுப்புழு வரும், வராது. ஊடுபயிராகப் பயறு போட்டிருந்தால் சில களைக்கொல்லிகளைத் தொடவே கூடாது. மண்ணில் போட்ட ஒரு பூச்சிமருந்து, அடுத்து அடிக்கிற களைக்கொல்லியைப் பயிருக்கே விஷமாக்கிவிடும், இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் பூச்சி தனி, களை தனி என்று எழுதாமல் பயிரின் வயதை வைத்து வரிசையாகச் சொல்கிறேன். வேலையில் பெரும்பகுதி முதல் ஆறு வாரத்தில்தான், அதனால் எழுத்திலும் அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில் பயிரின் வயதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விதைத்து எத்தனை நாள் என்பதைவிட எத்தனை இலை என்பதுதான் சரியான கணக்கு. வெயிலும் ஈரமும் கூடக்குறைய இருந்தால் ஒரே 20 நாள் பயிர் ஓரிடத்தில் நான்கு இலையிலும் இன்னோரிடத்தில் ஆறு இலையிலும் நிற்கும். இலையைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் உறைக்கும் இலைப்பரப்புக்கும் நடுவில், இலையின் அடிப்பக்கத்தில் வெளிர்நிறப் பட்டை ஒன்று தெரியும். அதை இலைக்கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்து வெளியே தெரிகிற இலைகளை மட்டும் கீழிருந்து எண்ண வேண்டும். முனை வட்டமாக இருக்கும் முதல் சின்ன இலையும் கணக்கில் சேரும். குருத்துக்குள் சுருண்டு நிற்கும் இலைகளை எண்ணக் கூடாது. களைக்கொல்லி லேபிளிலும் புழுவுக்கான அளவுகோல்களிலும் வரும் இலைக்கணக்கு பெரும்பாலும் இதுதான்.

ஒரு விஷயம் தெரிந்தால் நிறைய பயம் போய்விடும். ஐந்து, ஆறு இலை வரும்வரை மக்காச்சோளத்தின் வளர்நுனி மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. அதுவரை மேலே இலை கிழிந்தாலும், புழு கொஞ்சம் மேய்ந்தாலும், ஆலங்கட்டி மழை அடித்தாலும், நுனிக்கு அடி படாதவரை செடி மறுபடி எழுந்துவிடும். அதற்கு நேர்மாறாக ஆண் பூ வெளிவரும் சமயத்தில் இலை போனால் போனதுதான், புது இலை வராது, எல்லா இலையும் போன செடியில் விளைச்சலே எதிர்பார்க்க முடியாது. சின்ன வயதில் ஓட்டை பார்த்துப் பதறுகிற பலர் பெரிய வயதில் பார்க்கவே போவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

விதைப்பதற்கு முன்னால்

இந்த வயலில் போன பருவம் என்ன இருந்தது என்று கேளுங்கள். மக்காச்சோளத்துக்கு மேல் மக்காச்சோளம் என்றால், தண்டுத்துளைப்பானின் புழுக்கள் பழைய தட்டைக்குள்ளேயே காத்திருக்கும், குருத்தைத் தின்னும் படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும். மேற்கத்திய வேர்ப்புழு இருக்கும் நாடுகளில் அதன் வண்டுகள் மக்காச்சோள வயல் மண்ணில் முட்டையிட்டுவிட்டு, அடுத்த பருவமும் அங்கே மக்காச்சோளம் வரும் என்ற நம்பிக்கையில் விட்டுப்போகும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு மக்காச்சோள வேர் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். அதனால்தான் பயிர் சுழற்சி அந்தப் புழுவுக்கு இவ்வளவு நல்ல வைத்தியம். ஆனாலும் அமெரிக்காவின் இல்லினாய் பக்கத்தில், சோயாவும் மக்காச்சோளமும் மாறிமாறிப் போட்டுவந்த இடங்களில், சோயா வயலிலேயே முட்டையிடும் வண்டுகள் 1990களில் பெருகிவிட்டன. எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும் அதை மட்டும் வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்தால் பூச்சி அதற்குப் பழகிக்கொள்ளும், மருந்துக்கும் இதே விதிதான்.

அடுத்தது விதைப்புக்கு முந்தைய களை. பச்சைப்பசேலென்று களை மண்டிக்கிடக்கும் வயலில் வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும். நீங்கள் விதைப்புக்கு முதல்நாள் உழுது அல்லது களைக்கொல்லி அடித்து அந்தக் களையைக் கொன்றால், பாதி வளர்ந்த புழுக்கள் சாப்பாடில்லாமல் மண்ணில் இருக்கும், சரியாக அந்த நேரத்தில் உங்கள் நாற்று முளைத்து வரும். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். களையை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அழித்துவிட்டால் புழுக்கள் பட்டினியில் சாகும். இது செலவே இல்லாத பூச்சி நிர்வாகம், ஆனால் களை வேலை என்ற பெயரில் ஒளிந்திருப்பதால் யாரும் பூச்சிக்கணக்கில் இதைச் சேர்ப்பதில்லை.

நேரமும் தண்ணீரும் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்துவிட்டு, விதைக்காமல் ஒரு தண்ணீர் விட்டு அல்லது மழைக்குக் காத்திருந்து, மேல்மண்ணில் இருக்கும் களை விதைகளை முளைக்கவிடுங்கள். முளைத்ததும் மேலோட்டமாகக் கொத்தியோ மருந்தடித்தோ அழித்துவிட்டு, மண்ணை ஆழமாகப் புரட்டாமல் விதையுங்கள். மறுபடி ஆழமாக உழுதால் கீழே தூங்கிக்கொண்டிருந்த விதைகளை மேலே கொண்டுவந்து விட்டதாகிவிடும், செய்த வேலை வீண்.

கோரை இருக்கும் நிலமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கோரை விதையைவிடக் கிழங்கில்தான் பரவுகிறது, ஒரு செடிக்குக் கீழே கிழங்குகள் சரம்போலக் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் சரம் அறுந்து, அடங்கிக்கிடந்த கிழங்குகள் எல்லாம் தனித்தனியாக முளைக்கும். முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லிகள் பெரும்பாலும் சின்ன விதைகளை மட்டுமே தடுக்கும், கோரைக் கிழங்கை அவை ஒன்றும் செய்யாது. மக்காச்சோளத்துக்குள் கோரையைக் குறிவைக்க ஹாலோசல்ஃப்யூரான் போன்ற தனி மருந்துகள் உண்டு. அதைவிட நல்லது, கோரைக்கு நிழல் ஆகாது என்பதை நினைவில் வைத்துப் பயிரைச் சீக்கிரம் மூட வைப்பது.

விதைக்கும்போது எடுக்கும் முடிவுகள்

பக்கத்து வயல்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் விதையுங்கள். படைப்புழுவுக்கு வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை சுமார் ஒரு மாதம் போதும். அக்கம்பக்கத்தில் ஒருவர் இன்று, ஒருவர் மூன்று வாரம் கழித்து என்று விதைத்தால், முதல் வயலில் பெருகிய பூச்சி அடுத்த வயலின் இளங்குருத்துக்கு நேராகப் போகும். கடைசியாக விதைத்தவருக்குத்தான் மொத்த அடியும்.

விதைநேர்த்தி செய்த விதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். சயன்ட்ரனிலிப்ரோல், தயமீத்தாக்சம் சேர்ந்த நேர்த்தி, முதல் இரண்டு மூன்று வாரம் குருத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. அதற்கப்புறம் அதை நம்ப வேண்டாம். விதையை நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், மண்ணால் நன்றாக மூடி வையுங்கள். ஒரே ஆழத்தில் போன விதை ஒரே நாளில் முளைக்கும், ஒரே நாளில் முளைத்த வயலைப் பார்வையிடுவதும் மருந்தடிப்பதும் சுலபம். பென்டிமெத்தலின் என்ற, முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லியை அடிக்கப்போகிறீர்கள் என்றால் ஆழம் இன்னும் முக்கியம், அந்த மருந்து விதையைத் தொட்டால் முளையும் வேரும் பாதிக்கப்படும்.

ஊடுபயிர் வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். தட்டைப்பயறு, உளுந்து மாதிரிப் பயறு வகைகள் இடைவெளியை மூடிக் களையை அடக்கும், பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் இருக்க இடம் கொடுக்கும். ஆனால் அட்ரசின் என்ற களைக்கொல்லியும், டெம்போட்ரியோன் போன்று முளைத்தபின் அடிக்கும் பல களைக்கொல்லிகளும் பயறைக் கொன்றுவிடும். ஊடுபயிர் என்றால் பென்டிமெத்தலின், அதன்பின் கைக்களை என்ற பாதைதான். இதைத் தெரியாமல் முதல் மாதம் பயறு போட்டுவிட்டு இரண்டாம் மாதம் அகன்ற இலைக் களைக்கு மருந்து தேடினால் வழியே இருக்காது.

ஊடுபயிரை வைத்தே பூச்சி, களை இரண்டையும் சமாளிக்கும் முறை ஒன்று கென்யாவில் ஐசிப் ஆய்வு மையமும் பிரிட்டனின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து உருவாக்கியது. வரிசைகளுக்கு நடுவில் டெஸ்மோடியம் என்ற பயறினச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, புல் அதைத் தன்பக்கம் இழுக்கிறது. அதோடு டெஸ்மோடியத்தின் வேரிலிருந்து கசியும் பொருள்கள், மக்காச்சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதைகளை முளைக்கவைத்து, வேரில் ஒட்ட முடியாமல் சாகவிடுகின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன், தீவனம் தேவைப்படுகிறவர்களுக்கும் சுடுமல்லி தொல்லை இருக்கும் நிலத்துக்கும் மிக நல்ல வழி.

மூன்று இலையிலிருந்து எட்டு இலை வரை: களைக்கு இடமே கொடுக்கக் கூடாத காலம்

கிட்டத்தட்ட மூன்று இலையிலிருந்து எட்டு இலை வரை, நாள்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 15ஆம் நாளிலிருந்து 45ஆம் நாள் வரை, வயல் சுத்தமாக இருக்க வேண்டும். இதற்கப்புறம் வரும் களை பெரும்பாலும் நிழலில் நோஞ்சானாகவே நிற்கும். இதற்கு முன் முளைத்த களையை நேரத்தில் எடுத்துவிட்டால் இழப்பு அதிகமில்லை. நடுவில் விட்டால்தான் பிரச்சினை. தண்ணீருக்கும் தழைச்சத்துக்கும் போட்டி வருவதற்கு முன்பே இது ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பச்சை இலைகள் சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், மக்காச்சோள நாற்று அந்த மாற்றத்தை உணர்ந்து, நிழல் வரப்போகிறது என்று தண்டை நீட்டி வேரைக் குறைத்துக்கொள்ளும். களை கணுக்கால் உயரம்தானே, இன்னும் ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதைத்த ஓரிரு நாளில், முளைக்கும் முன் தெளிக்கும் மருந்து. அட்ரசின், பென்டிமெத்தலின், மெட்டலாக்குளோர் ஆகியவை இந்த வகை. எதுவானாலும் மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் மழையோ நீரோ கிடைக்காவிட்டால் மருந்து மேலேயே கிடக்கும், களை அதன் பாட்டுக்கு முளைத்து வரும். அட்ரசின் நிலத்தடி நீரில் தேங்குவதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் மணற்பாங்கான நிலம், கிணற்றோரம், ஓடையோரம் என்றால் அதைத் தவிர்த்துவிட்டு வேறு வழி பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முளைத்தபின் அடிக்கும் மருந்துகளுக்கு ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: களை பத்து சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டுவதற்கு முன். டெம்போட்ரியோன், டோப்ரமிசோன் அடித்தால் சில நாளில் களையின் புதுத்தளிர் வெளுத்து வெள்ளையாகும், அதுதான் மருந்து வேலை செய்வதன் அடையாளம். மக்காச்சோள இலையிலும் சில சமயம் லேசாக வெளுப்பு வரும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். களை முட்டளவு வந்தபின் அளவைக் கூட்டி அடித்தால் பாதி சாகும், மீதி துளிர்த்து விதை விடும், அந்த விதை அந்த மருந்தையே தாங்கும் பரம்பரையாக மாறும் வாய்ப்பும் கூடும். களைக்கொல்லி எதிர்ப்புச் சக்தி பெற்ற களை இனங்கள் உலகத்தில் 250ஐத் தாண்டிவிட்டன.

இப்போது மேலே சொல்லாமல் விட்ட விஷயம். வேர்ப்புழுவுக்கோ வேறு மண்பூச்சிக்கோ டெர்புபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் குருணை மருந்தை விதைப்பின்போது போட்டிருந்தால், பிறகு நிகோசல்ஃப்யூரான் போன்ற களைக்கொல்லி அடிக்கும்போது மக்காச்சோளமே கருகவோ குட்டையாகவோ வாய்ப்பு உண்டு. மக்காச்சோளம் அந்தக் களைக்கொல்லியைத் தன் உடம்பிலுள்ள நொதிகளால் உடைத்துச் செரித்துவிடுவதால்தான் பிழைக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதிகளையே முடக்கிவிடும். லேபிளில் சிறிய எழுத்தில் இதை அச்சிட்டிருப்பார்கள். விதைப்பன்று என்ன போட்டோம் என்று எழுதிவைக்காதவருக்கு அந்த எச்சரிக்கையால் பயன் இல்லை.

மருந்தே வேண்டாம் என்றால் 15 முதல் 20ஆம் நாளில் ஒரு கொத்து, 35 முதல் 40ஆம் நாளில் மண் அணைப்போடு சேர்த்து இன்னொன்று. இரண்டாவது தடவை ஆழமாகக் கொத்தாதீர்கள், வேர் அதற்குள் வரிசைக்கு நடுவரை வந்திருக்கும். வரப்பிலும் வாய்க்காலிலும் நிற்கும் புல்லை, பயிர் முளைத்து நிற்கும்போது திடீரென்று கருகவைத்தால் அதில் இருந்த புழுக்கள் பயிருக்குள் நகரும், அதை விதைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

குருத்தைப் பார்க்கும் முறை

வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். இதுதான் மொத்த நிர்வாகத்தின் உயிர்நாடி. வயலுக்குள் ஓரத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நுழைந்து, கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வோரிடத்திலும் வரிசையாக 20 செடி பாருங்கள். மொத்தம் 100 செடி, அதில் எத்தனை பாதிப்பு என்று எண்ணினால் அதுவே சதவீதம். நன்றாக இருக்கும் செடியையோ மோசமான செடியையோ தேர்ந்தெடுக்காமல், நின்ற இடத்தில் தொடங்கி வரிசையில் அடுத்தடுத்து வருவதைப் பாருங்கள்.

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டு, 2020இல் ஆஸ்திரேலியா வரை போய்விட்டது. முட்டைகள் கும்பலாக, நூறு இருநூறு சேர்ந்து, மேலே சாம்பல்நிறப் பஞ்சு மூடி இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். முதலில் தெரியும் சேதம் ஓட்டை கிடையாது. இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று, மறுபக்கத் தோல் எண்ணெய்த்தாள் மாதிரி வெளிச்சம் தெரிய நிற்கும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் குண்டூசி ஓட்டை, அப்புறம் கிழிசல், கடைசியில் குருத்துக்குள் மரத்தூள் கொட்டியது போன்ற எச்சம். பெரிய புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தால், தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகப் போட்டதுபோல வெளிர்க்கோடும், வால்பக்கம் கடைசிக்கு முந்தைய உடல்வளையத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகளும் இருக்கும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குருத்துக்குள் சுருண்டிருந்தபோது கடிபட்ட இலை, ஒரு வாரம் கழித்து விரிந்து வெளியே வரும்போது கந்தலாகத் தெரியும். புழு அதற்குள் செத்திருக்கலாம், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போயிருக்கலாம். ஆகவே வெளியே விரிந்த இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குருத்தை மெதுவாக விரித்து உள்ளே பாருங்கள், எச்சம் ஈரமாக, மஞ்சள்பச்சையாக இருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. காய்ந்து பழுப்பாகிக் கையில் உதிர்ந்தால் கதை முடிந்த செடி, அதைப் பாதிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு இருந்தால் மருந்து என்பதற்கான அளவு நாட்டுக்கு நாடு மாறும். இளம்பயிரில் 100க்கு 5 முதல் 20 வரை, குருத்துப் பருவத்தின் பின்பகுதியில் 20 முதல் 40 வரை என்று பல்வேறு வழிகாட்டிகளில் இருக்கிறது. விளைபொருளின் விலை, மருந்துச் செலவு, எதிரிப்பூச்சிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. உங்கள் பகுதி வேளாண் துறை சொல்லும் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணாமல் அடிக்காதீர்கள். ஒரு வாரத்தில் 6, அடுத்த வாரத்தில் 7 என்றால் காத்திருக்கலாம், மூன்று நாளில் 4 இலிருந்து 12 என்றால் காத்திருக்கக் கூடாது.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைப் பயிர் முளைத்தவுடன் வையுங்கள். அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே, அதனால் பொறி வைத்தாலே புழு குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வரவு தொடங்கிவிட்டது, இனி முட்டையைத் தேடு என்று சொல்லும் மணி அது, அவ்வளவே.

மற்ற பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலை விரியும்போது குறுக்கே ஒரே வரிசையில் துப்பாக்கியால் சுட்டதுபோல ஓட்டைகள் இருந்தால் தண்டுத்துளைப்பான். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடி அழுகி நாறினால் குருத்து ஈ. நாற்று தரையோடு அறுந்து கிடந்தால் அதைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் மண்ணைக் கிளறுங்கள், சுருண்டு கிடக்கும் வெட்டுப்புழு கிடைக்கும். அசுவினி ஆண் பூவில் மொய்த்தாலும் பெரும்பாலும் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

யார் உங்களுக்காக வேலை செய்கிறார்கள் என்றும் பாருங்கள்

100 செடி பார்க்கும்போது நல்ல பூச்சிகளையும் எண்ணுங்கள். பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி, குருத்துக்குள் வாலில் இடுக்கியோடு ஓடும் பூச்சி, இவையெல்லாம் முட்டையையும் சின்னப் புழுவையும் தின்பவை. டிரைக்கோகிரம்மா என்ற, பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும் குட்டிக் குளவியின் அட்டையை வயலில் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படைப்புழுவின் முட்டைக் கும்பல் அடுக்கடுக்காகப் பஞ்சு மூடி இருந்தால் டிரைக்கோகிரம்மாவால் அடியடுக்குக்குப் போக முடியாது. டெலினோமஸ் ரெமஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அந்த மாதிரிக் கும்பலையும் துளைத்துவிடும், கிடைத்தால் அதுவே மேல்.

மழைக்காலத்தில் இலைமேல் விறைத்து, வெள்ளை பூசி, பிறகு வெளிர்பச்சையாக மாறிய புழுக்கள் தெரிந்தால் அது மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சையின் வேலை. இலை நுனியில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீராக ஒழுகினால் வைரஸ் தாக்கியது. இப்படிப்பட்ட புழுக்கள் நிறையத் தென்பட்டால் அன்று மருந்தடிக்கும் யோசனையைத் தள்ளிவைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். இந்த இலவச உதவியைச் சிந்தடிக் பைரித்திராய்டு என்ற பூச்சிமருந்து வகை ஒரே அடியில் துடைத்துப்போட்டுவிடும், அப்புறம் அடுத்த தலைமுறைப் புழு தடையில்லாமல் வரும். அதனால் அந்த வகையை முதல் அடியாக எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மருந்தடிக்கத்தான் வேண்டும் என்றால்

சின்ன வயல், கொஞ்ச பாதிப்பு என்றால் முட்டைக் கும்பலைக் கையால் நசுக்குவதும் குருத்தில் மணல் போடுவதும் போதும். அடுத்தது, புழு சின்னதாக இருக்கும்போதே ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, அல்லது வேம்பிலிருந்து வரும் அசாடிராக்டின், அல்லது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து. இவை பெரிய புழுவை ஒன்றும் செய்யாது. எண்ணிக்கை அளவைத் தாண்டினால் குளோரான்ட்ரனிலிப்ரோல், ஸ்பைனடோரம், எமாமெக்டின் பென்சோயேட் போன்றவை. மக்காச்சோளத்துக்குப் பதிவான மருந்துதானா, எவ்வளவு அளவு, அறுவடைக்கும் தீவனத்துக்கும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை லேபிளில் பாருங்கள்.

மருந்து மாற்றும்போது கம்பெனிப் பெயரை மாற்றினால் போதாது. மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் செயல்முறைக் குழு எண் லேபிளில் இருக்கும்: குளோரான்ட்ரனிலிப்ரோல் 28, ஸ்பைனடோரம் 5, எமாமெக்டின் 6. ஒரு மாதத்துக்குள், அதாவது ஒரு தலைமுறைக்குள் ஒரு குழு, அடுத்த மாதம் வேறு குழு. இரண்டு கம்பெனியின் இரண்டு டப்பாவிலும் 28 என்றே இருந்தால் நீங்கள் எதையும் மாற்றவில்லை.

காலையிலோ சாயங்காலமோ அடியுங்கள், புழு அப்போதுதான் குருத்தின் மேல்பக்கம் வரும். தெளிப்புமுனை குருத்துக்குள் நேராகப் பார்க்க வேண்டும். இலைமேல் பனிபோலப் படர்ந்தால் எச்ச அடைப்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு ஒரு துளியும் போகாது. களைக்கொல்லிக்கு நேர்மாறாகத் தட்டை விசிறி முனை, தரையை நோக்கிச் சீராக. முடிந்தால் களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அளவைக் கணிக்க, வெறும் தண்ணீரை நிரப்பி 100 சதுர மீட்டரில் வழக்கமான வேகத்தில் நடந்து அடித்துப் பாருங்கள். 5 லிட்டர் செலவானால் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர், ஹெக்டேருக்கு 500. அதை வைத்து ஒரு டேங்குக்கு எவ்வளவு மருந்து என்று கணக்கிடுங்கள், மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நடப்பது, இதிலெல்லாம் சமரசமே வேண்டாம். கலக்கும்போதுதான் மருந்து செறிவாக இருக்கும், பலர் அப்போதுதான் கையுறையைக் கழற்றிவைக்கிறார்கள்.

பூ வந்தபின்

ஆண் பூ விரிந்து மகரந்தம் கொட்டும்போது தேனீக்கள் அங்கே இருக்கும், அந்த நாட்களில் தெளிக்காமல் இருப்பதே நல்லது. கதிருக்குள் போய்விட்ட புழுவுக்கு வெளியே அடிக்கும் மருந்து போய்ச்சேராது. இந்த வயதில் கவனிக்க வேண்டியது கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை: வண்டுகளோ புழுக்களோ மகரந்தச் சேர்க்கை முடியும் முன்பே பட்டிழை ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாக மிஞ்சும்படி கத்தரித்துக்கொண்டே இருந்தால் கதிரில் மணி பிடிக்காது, அது மட்டும் அவசரம். பட்டிழை பழுப்பானபின் கத்தரித்தால் கவலை வேண்டாம்.

காற்றில்லாத நாளிலும் செடிகள் அடியில் வளைந்து வாத்துக் கழுத்துபோல எழுந்து நின்றால் ஒன்றைத் தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர்ப்புழு தின்ற வேர் நுனி பழுப்பாகக் குட்டையாக இருக்கும். இந்தப் பருவத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த பருவம் அங்கே வேறு பயிர் என்று குறித்துவையுங்கள்.

அறுவடையும் அதற்கப்புறமும்

அறுவடைக்கு முன் ஒரு நடை நடந்து, தப்பி நிற்கும் களைகளை விதை கொட்டும் முன் பிடுங்கி வெளியே கொண்டுபோங்கள். முள்ளில்லாத காட்டுக்கீரை இனங்கள் சிலவற்றில் ஒரே செடி லட்சக்கணக்கில் விதை விடும். அறுவடை இயந்திரம் வேறு வயலிலிருந்து வருகிறது என்றால் உள்ளே விடுவதற்கு முன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், களை விதை அதிலேயே பயணம் செய்கிறது.

தண்டுத்துளைப்பான் இருந்த வயலில் தட்டையை அப்படியே நிறுத்திவைக்காதீர்கள், பொடியாக நறுக்கித் தீவனமாக்குங்கள் அல்லது மண்ணில் மடக்குங்கள். ஆழ உழவு கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சரிவான நிலத்தில் அதே உழவு மண்ணரிப்பைக் கொண்டுவரும், அங்கே தட்டையை நறுக்குவதோடும் பயிர் சுழற்சியோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

அட்ரசின் அடித்த வயலில் அடுத்துப் பயறோ காய்கறியோ போடுவதாக இருந்தால், மருந்து மண்ணில் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயலில் பல இடத்து மேல்மண்ணைக் கலந்து ஒரு தொட்டியிலும், மருந்தே படாத இடத்து மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் அடுத்துப் போடப்போகும் பயிரின் விதையை ஊன்றி மூன்று வாரம் தண்ணீர் விட்டு வையுங்கள். முளைப்பு இரண்டிலும் சரியாகவே இருக்கும், அதைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். முதல் உண்மை இலைகள் வந்தபின் வயல்மண் தொட்டியில் மட்டும் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகினால், அந்த வயலுக்கு இன்னும் ஒரு பருவம் மக்காச்சோளமோ சோளமோதான்.